எந்தத் தெருவில் தங்குவது

கள ஆய்வுக்குக் கிளம்பும் சமூகவியல், மானிடவியல் மாணவர்கள் கேள்வித்தாள் தயாரிப்பதில் காட்டும் அக்கறையை, ஊரில் எங்கே தங்கப்போகிறோம் என்பதில் காட்டுவதில்லை. எனக்கு இதுதான் முதல் கேள்வி.

*

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்தார். அதைப் பற்றி அவர் எழுதிய நூலில் அந்த ஊருக்கு ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர். தங்க இடம் கிடைத்தது அக்ரஹாரத்தில். அதனால் மற்றத் தெருக்காரர்கள் அவரையும் பிராமணர்களோடு சேர்த்தே பார்த்தார்கள். சேரிக்குள் இஷ்டம்போலப் போய்வர முடியவில்லை. இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். முன்னுரையில் வரும் இந்தப் பக்கங்களைத் தாண்டிவிட்டு நேரே முடிவுகளுக்குப் போகிறவர்கள் பாதி நூலைத்தான் படிக்கிறார்கள்.

அதே மாவட்டத்தில் அவருக்குப் பத்தாண்டுகளுக்கு முன் மானிடவியலாளர் கேத்லீன் கஃப் ஆய்வு செய்த ஊர் ‘கும்பப்பேட்டை’. அதுவும் புனைபெயர்தான். 1976இல் அவர் திரும்பவும் அங்கே போனார். இந்த இருவரையும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும்.

*

சொந்த ஊரையே எடுத்துக்கொண்டால்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைத் தங்களுக்குத் தெரிந்த ஊர்களைப் பற்றி எழுதச் சொன்னார்; 1918இல் அது நூலானது. அதில் வரும் இருவேல்பட்டுக்கு ஆய்வாளர்கள் பிறகும் பலமுறை போயிருக்கிறார்கள். நூறாண்டு மாற்றத்தை ஒரே ஊரில் வைத்துப் பார்க்க முடிகிறதென்றால், அதற்கு வித்திட்டது மாணவர்களின் வேலை. நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் சொந்த ஊரில் தெரு நம் கையில் இல்லை, பிறப்பிலேயே முடிவாகிவிட்டது. சேரியிலிருந்து படித்து வந்த பெண் நோட்டோடு ஊர்த்தெருவுக்குப் போனால் எந்தத் திண்ணைவரை விடுவார்கள்? அவள் நின்ற இடம் எது, பதில் சொன்னவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதெல்லாம் ஆய்வேட்டில் வந்தே தீர வேண்டும். ‘உன் அனுபவத்தைக் கலக்காதே’ என்று சிவப்பு மையால் அடிக்கும் கைடுகள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

*

இதையெல்லாம் பழகிக்கொள்ள எம்.ஃபில். இருந்தது. ஒரு சின்ன ஆய்வு, ஒரு சின்ன ஆய்வேடு, ஒரு வைவா. வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்கு முனைவர் பட்டத்தில் இறங்குமுன் ஆழம் பார்க்கக் கிடைத்த படித்துறை அது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் அதை நிறுத்திவிட்டன. நான்காண்டு இளங்கலையில் 75 விழுக்காடு இருந்தால் நேரே பிஎச்.டி.க்குப் போகலாம் என்கின்றன அதே விதிகள். மதிப்பெண் வாங்கிவிடலாம், முன்பின் தெரியாத வாசலில் நின்று பேச்சுக்கொடுக்க எங்கே கற்பது?

*

எம்.ஏ. இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்கு: கோடை விடுமுறையில் கேள்வித்தாள் வேண்டாம். ஊரின் தெருக்களை வரையுங்கள். தண்ணீர்க் குழாய், ரேஷன் கடை, டீக்கடை, சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றையும் குறியுங்கள். யார் எந்தப் பக்கமாக வருகிறார்கள் என்று எழுதுங்கள். ஜூனில் உட்கார்ந்து பேசுவோம்.