கத்திரிக்க ஒன்றுமில்லாத ஆடு

கணியம்பாடியிலிருந்து அமிர்திக்குப் போகும் சாலையில், காடு தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஓர் ஆயா நாற்பது உருப்படிகளை ஓட்டிக்கொண்டு வந்தார். செம்மண் நிறம், உடம்போடு ஒட்டிய குட்டை மயிர். தொங்கும் வாலைப் பார்த்தால்தான் செம்மறி என்று தெரியும். இல்லாவிட்டால் வெள்ளாடு என்றே நினைத்திருப்பேன்.

“இதுங்களுக்கு எப்போ ஆயா மயிர் கத்திரிப்பீங்க?”

“இதுல கத்திரிக்க இன்னா கீது தம்பி?” என்று சிரித்துவிட்டார்.

கேள்வியில் தப்பு என்னுடையதுதான். சில நாளாக, கம்பளிக்குப் பேர்போன மெரினோ ஆட்டைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டை வெளியே விடாமல் ஸ்பெயின் பல நூற்றாண்டுகள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. 1765இல் சாக்சனிக்கும், 1786இல் பிரான்சின் ராம்புயே அரண்மனைப் பண்ணைக்கும் மந்தைகள் போயின. 1797இல் தென்னாப்பிரிக்காவின் கேப் வழியாகச் சில ஆடுகள் ஆஸ்திரேலியாவில் இறங்கின. பிறகு அந்த நாடே அவற்றின் முதுகில் ஏறிப் பிழைத்தது. நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன் என்றால், நல்ல மெரினோ இழை 20 மைக்ரானுக்கும் கீழே.

ஆயாவின் கணக்கில் இதற்கெல்லாம் இடமில்லை. கெடாக்கள் கறிக்குப் போகும். அறுவடை முடிந்த நிலத்தில் கிடை போட்டால் கூலி கிடைக்கும். அந்தக் கெடாக்களின் தோல்தான் இந்த வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழிலுக்கே ஆதாரம். ஆனால் தோல் காசு கறிக்கடையில் தொடங்கி மண்டியில் முடிந்துவிடுகிறது. ஆயா கைக்கு வருவதில்லை.

முந்தைய நாள் பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில் இருந்தேன். உப்புப் போட்டு வந்த தோல்களை ஊறவைத்து, உட்பக்கம் சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த குழம்பைத் தடவி மடித்து அடுக்கியிருந்தார்கள். மயிர்க்கால் இளகியதும் மழுங்கிய கத்தியால் தள்ளினால் மயிர் அப்படியே கழன்று வருகிறது. நின்றுகொண்டே பார்த்த எனக்கே இடுப்பு வலித்தது. குனிந்தபடி தள்ளுபவர்கள் பேச்சுக்குக்கூட நிமிரவில்லை. வாடையைப் பற்றி எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள் என்றார் மேஸ்திரி. சரி, எழுதவில்லை.

அவர் இரண்டு தோல்களைக் கையில் கொடுத்தார். ஒன்று நம் பக்கத்து ஆடு, மற்றது வடக்கிலிருந்து வந்த கம்பளி ஆடு. முதலாவதை மடித்தால் விரலுக்குள் இறுக்கமாக மடிந்தது. இரண்டாவது பொதபொதவென்றிருந்தது.

“இது ஊதிப்போன தோலு சார். மேல்தோலு தனியா, அடித்தோலு தனியா கழண்டுக்கும்.”

காரணம் கம்பளியேதான். மெரினோவின் தோலில் ஒரு முதன்மை மயிர்க்காலைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட துணை மயிர்க்கால்கள் நெருக்கியடித்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எண்ணெய்ச் சுரப்பி. பதனிடும்போது மயிரும் கொழுப்பும் போய்விட, அவை இருந்த இடமெல்லாம் வெற்றிடமாகி, தோல் பஞ்சாகிவிடுகிறது. மயிர்ச் செம்மறிக்கு அந்தக் கூட்டம் இல்லை. நார் பின்னல் நெருக்கமாக இருக்கிறது. கோல்ஃப் ஆடுகிறவர்கள் விலை கொடுத்து வாங்கும் கையுறை இந்த வகை ஆட்டின் தோல்தான். இதே வகையான மேச்சேரி ஆட்டின் தோலுக்கு இருக்கும் நல்ல பெயரும் இதனால்தான். ஒரே உடம்பில் நல்ல கம்பளியையும் நல்ல தோலையும் சேர்த்துக் கேட்க முடியாது.

தமிழ்நாட்டில் மென்கம்பளி ஆடே இல்லையா என்றால், மலைமேல் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் கெடாக்கள் கலந்து உருவானது நீலகிரி ஆடு. ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் வழியில் சாண்டிநல்லாவில் 1955 முதல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ராம்புயே, மெரினோ ரத்தம் எட்டில் ஐந்து பங்கும் நீலகிரி ரத்தம் மூன்று பங்குமாகச் ‘சாண்டினோ’ என்ற கலப்பினம் அங்கே பிறந்தது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசு நிலையம் பாரத் மெரினோ என்ற இனத்தை வளர்க்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் சாண்டிநல்லா பக்கம் ஒரு நீலகிரி ஆட்டின் முதுகில் கை வைத்தேன். வெளியே அழுக்கு, விரலால் பிளந்து பார்த்தால் உள்ளே பால் வெள்ளை. கையில் ஒட்டிய கம்பளி எண்ணெய் சோப்புக்கும் அசையவில்லை. மேய்ச்சல் நிலம் தேயிலையாகவும் தைலமரமாகவும் மாற மாற, அந்த மந்தை சுருங்கிவிட்டது. அமிர்தி வெயிலில் அதைக் கட்டினால் செத்துப்போகும். அது பிழைக்க வேண்டிய இடம் அந்த மலைதான். புல்வெளியை மீட்காமல் பண்ணைக்குள் மட்டும் இனத்தைக் காப்பாற்றுவது எனக்குப் பாதி வேலையாகவே படுகிறது.

கீழே நிலைமை வேறு. மேஸ்திரி ஒதுக்கிவைத்த குவியலில் ஆட்டின் குற்றமாக இருந்தவை உண்ணிக்கடித் தழும்பும் முள் கீறலும்தான். மீதி எல்லாம் கத்திக் கிழிசல். ஆயா இரண்டு வருடம் வெயிலில் நின்று வளர்த்த தோல் இரண்டு நிமிட அவசரத்தில் ஓட்டையாகிறது. ஆகவே கெடா வெட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதல் கீறலுக்கு மட்டும் கத்தி போதும், மீதியை முஷ்டியால் தள்ளி உரியுங்கள். உரித்த கையோடு உட்பக்கம் உப்பைத் தேயுங்கள்.