சாக்கலூத்து மெட்டு

கேரளத்து நெடுங்கண்டத்தில் வீட்டு மொட்டைமாடியில் எட்டுப் போட்டு நடக்கிறேன். தினம் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. நாலாவது சுற்றிலேயே மனசு மலைக்குக் கீழே எங்கள் ஊர் தேவாரத்துக்கு இறங்கிவிடுகிறது.

தேவாரத்துக்கு மேலே சாக்கலூத்து மெட்டு. அந்த மலைப்பாதையில் ஏறினால் உடும்பன்சோலை ஏலக்காடு. என் அம்மாச்சி திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பிவிடும். இடுப்பில் சும்மாடு, தூக்குச்சட்டியில் கேப்பைக்களி, அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு. நான் அடிவாரம் வரை போய் நிற்பேன். கடைசித் திருப்பத்தில் கொண்டை மறையும்வரை பார்த்துவிட்டுத் திரும்புவேன். அங்கே வேலையும் நின்றபடி செய்கிற வேலையில்லை. ஏலச்செடியின் சரம் தரையோடு படரும். குந்தி உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்துதான் காய் எடுக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அதே மலையை இறங்கி வந்து, வரக்காப்பி குடித்த கையோடு அரிசி புடைக்க உட்கார்ந்துவிடும்.

அம்மா காலத்தில் ஜீப் வந்தது. ஏழு பேர் போகிற வண்டியில் இருபது பேர். எனக்கு அதுவும் இல்லை, கணக்கெழுதுகிற நாற்காலிதான்.

1953-இல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ்களை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அதைப் படித்தபோது எங்கள் வீட்டு மூன்று தலைமுறையும் ஒரே பஸ்ஸில் ஏறி நின்ற மாதிரி இருந்தது. நடக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. இன்சுலின் மந்தமானவர்களுக்கும் அந்த வழி அடைபடுவதில்லை. 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். கணக்கில் கேரளத்துப் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. நாட்டுக்கு 11.4. அந்தக் கால் பங்கில் நானும் ஒருத்தன்.

அதற்காக அந்தக் காலமே சுகம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அறுபது வயதில் அம்மாச்சிக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. இருந்து எழ, சுவரைப் பிடித்துக்கொள்ளும். கூலிக்குச் சுமந்த சுமையை உடற்பயிற்சி என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். பிரஷரும் சர்க்கரையும் கடைசிவரை அண்டவில்லை, அவ்வளவுதான். அது மலை கொடுத்ததா, கேப்பை கொடுத்ததா, ரத்தத்தில் இருந்ததா, ஒருத்தியை வைத்து எப்படிச் சொல்வது?

அம்மாவுக்கு ஐம்பதிலேயே சர்க்கரை. இப்போது மாடிப்படியில் உட்கார்ந்து என் எட்டை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

"உங்க அம்மாச்சி இருந்தா என்ன கேட்டிருக்கும் தெரியுமாடா?"

"என்ன?"

"இம்புட்டு நடக்குறியே, கூலி எவ்வளவு தாரான்னு கேட்டிருக்கும்."