கோபால்பூர்க் கடற்கரையில்

கிழக்குக் கரையில் கடல் பார்க்கப் புறப்படுகிற ஜனங்களில் மிகப் பெரும்பாலோர், ஹௌரா மெயிலில் ஓர் இரவும் ஒரு காலைப் பொழுதும் பிரயாணம் செய்து, பெர்ஹாம்பூர் ஸ்டேஷனையும் தாண்டிப் புரிக்குப் போய்விடுகிறார்கள். பெர்ஹாம்பூரில் இறங்கி 16 கிலோமீட்டர் கிழக்கே போனால் கோபால்பூர் என்ற பழைய உல்லாச வாசஸ்தலம் ஒன்று இருக்கிறது. முதுகில் ஒரு பையுடன், தங்கும் இடத்தை முன்கூட்டி ஏற்பாடு செய்து கொள்ளாமல், மடியில் உள்ள சொற்பப் பணத்துக்கு ஏற்றபடி ஊர் ஊராகத் திரிகிற என் போன்றவர்களுக்கு இத்தகைய ஊர்களே உகந்தவை என்பது என்னுடைய தீர்மானமான அபிப்பிராயம். சீரும் சிறப்புமாக விளங்குகிற ஊர், வருகிறவனுக்குத் தன்னை அலங்கரித்துக் காட்டுவதிலேயே முனைந்திருக்கும். பெருமை கழிந்த ஊருக்கு அந்த அவசியம் இல்லாமையால், அதன் ஜீவனம் முன்பு எப்படி நடந்தது, இன்று எப்படி நடக்கிறது என்பதைக் கால்நடையாகத் திரிகிறவன் தெருவிலேயே கண்டு கொள்ளலாம்.

தமிழர்களாகிய நமக்கு இந்த ஊர் அவ்வளவு அந்நியமானதும் அன்று. 1936-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று ஒரிஸ்ஸா தனி மாகாணமாகும் வரையில், இந்த ஊர் அடங்கிய கஞ்சம் ஜில்லா சென்னை ராஜதானியின் வடகோடியாக இருந்தது. ருஷிகுல்யா நதியின் முகத்துவாரத்தில் இருந்த பழைய கஞ்சம் பட்டணம் 1815-ஐ ஒட்டிப் பரவிய கொடிய விஷ ஜுரத்தால் பாழாயிற்று. அதன் பிறகுதான் தெற்கே இருந்த கோபால்பூர் துறைமுகமாகத் தலையெடுத்தது.

துறைமுகம் என்று சொன்னேனே தவிர, கப்பல் வந்து அணைவதற்கு அங்கே இயற்கையாக ஒதுங்கிய இடம் ஏதும் இல்லை. அலை ஓயாமல் மோதுகிற நேர்க்கரை அது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, மனிதர்களும் மூட்டைகளும் கரையிலிருந்து படகில் போய்ச் சேர வேண்டும். துறைமுகம் கட்டப்படுவதற்கு முந்திய சென்னையிலும் இதே நிலைதான். கவர்னராக வந்தவர்கூட மசூலாப் படகில் ஏறித்தான் அலையைக் கடந்து கரை சேர்ந்தார். அந்தப் படகில் ஆணியோ, உள்ளே விலாச் சட்டமோ கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் பொருத்துத் தோறும் தைத்திருப்பார்கள். இரும்பினால் இறுக்கிய படகாயிருந்தால் அலை தரையில் அறைகிற வேகத்தில் பிளந்து போகும். தைத்த படகோ அலையின் தாக்குதலுக்குத் தன் உடம்பைச் சற்று நெளித்துக் கொடுத்து, மறுகணம் நிமிர்ந்து கொள்ளும். இவ்வளவு எளிய சாமான்களைக் கொண்டு இவ்வளவு கடுமையான சமுத்திரத்தை வெல்ல வழி கண்டவர்களின் புத்தி நுட்பத்தை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே மெய் சிலிர்க்கிறது.

கஞ்சத்திலிருந்தும் அதற்குத் தெற்கேயுள்ள தெலுங்கு ஜில்லாக்களிலிருந்தும் பல்லாயிரம் ஏழைகள் கூலி வேலை தேடி ரங்கூனுக்குப் போனார்கள். நெல் ஆலைகளிலும் துறைமுகத்திலும் உழைத்துச் சேர்த்த பணத்துடன் சிலர் திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை. அவர்களையும், அவர்களோடு கப்பலேறிய தானிய மூட்டைகளையும் அலைக்கு அப்பால் சேர்த்தவர்கள் நோலியாக்கள் என்று வழங்கப்படும், தெலுங்கு பேசும் மீனவர்கள். வியாபாரம் செழித்த கரையில் உல்லாசமும் வந்து சேர்ந்தது. கல்கத்தாவின் கோடைப் புழுக்கத்துக்குத் தப்பி வந்த ஆங்கிலேயரும் ஆங்கிலோ-இந்தியரும் கடலைப் பார்த்த வராந்தாக்களுடன் பங்களாக்கள் எழுப்பினார்கள். முதல் உலக யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியர் ஒருவர் கட்டிய ஹோட்டல், பிற்காலத்தில் ஓபராய் நிறுவனத்தின் கைக்கு வந்து கீர்த்தி பெற்றது. கடலில் குளிக்க இறங்கிய துரைமார்களையும் துரைசானிகளையும் நீரோட்டம் இழுத்துக் கொண்டு போகாமல் பக்கத்தில் நின்று பாதுகாத்தவர்களும் அதே நோலியாக்கள்தான்.

1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். அந்தப் பாதை அடைபட்டது. ஐந்து வருஷத்தில் துரைமார்களும் கப்பலேறினார்கள். விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் மெல்ல மெல்லக் குறைந்தன.

இப்போது அங்கே நடந்து போகிறவன் முதலில் காண்பது மதில்களைத்தான். உப்புக் காற்று சுண்ணாம்பைத் தின்று, செங்கல்லையும் பொடியாக்கிக் கொண்டிருக்கிறது. மழைக் காலத்துப் பாசி காய்ந்து கறுத்துப் போயிருக்கிறது. கூரை விழுந்த பண்டகசாலைகளின் சுவர்களும், பழைய துறையின் தூண்களும் மணலிடையே நிற்கின்றன. தூண் ஒன்றின் அருகே சென்று கையை வைத்துப் பார்த்தேன். காரை உதிர்ந்த இடுக்கெல்லாம் சிப்பிகள் ஒட்டியிருந்தன. இடுப்பளவு உயரத்தில் நைலான் கயிறு கட்டி, ஒரு பெண் அதில் வலையை உலர்த்தியிருந்தாள். கிழிசல்களைத் தைத்துக் கொண்டிருந்த அவளுக்கு அந்தத் தூணின் சரித்திரத்தில் ஈடுபாடு இல்லை. கயிறு கட்டத் தோதான தூண், அவ்வளவே. வழக்கொழிந்த ஊர், பாழடைந்த ஊர் என்று நாம் எழுதுவதெல்லாம் வந்து போகிறவர்களின் கணக்குத்தான் என்பது எனக்கு அங்கே பட்டது. ஹோட்டல் நிறைந்திருந்த நாளிலும் அந்தப் பெண்ணின் பாட்டி இதே கரையில் இதே வேலையைச் செய்திருப்பாள், இன்னும் குறைந்த கூலிக்கு.

பகல் முழுவதும் சவுக்குத் தோப்பை ஒட்டி வடக்கே நடந்தேன். ருஷிகுல்யா கடலில் கலக்கும் மணல்திட்டில் மாசி, பங்குனி மாதங்களில் பங்குனி ஆமைகள் ஆயிரமாயிரமாகக் கரையேறி முட்டையிடும் என்பதும், மழைக் காலத்தில் கஞ்சத்துத் தாழை பூத்து, அதிலிருந்து வடித்த அத்தர் தூர தேசங்களுக்குப் போகும் என்பதும் ஊரார் பெருமையுடன் சொல்கிற சங்கதிகள். பருவம் தப்பி வந்த எனக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

மாலையில், படகுகளின் நிழலில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவரோடு எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் பேச்சுக் கொடுத்தேன். "தாத்தா, இந்த அலையில் படகை இறக்குவது எப்படி?" என்று கேட்டதும், "வாயால் சொன்னால் வராது பாபு, பார்" என்று விரலை நீட்டினார். தைத்த படகுகள் போய் ஃபைபர் படகுகளும் மோட்டாரும் வந்துவிட்டன. ஆனால் அலை அதே அலைதான். ஐந்தாறு பேர் படகின் பக்கங்களைப் பற்றிக் கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். பெரிய அலைகள் வரிசையாக வந்து உடையும் வரையில் ஒருவரும் அசையவில்லை. பிறகு கடல் சற்று மூச்சு வாங்கிய அந்தக் கணத்தில், முன்னால் நின்ற இளைஞன் ஒரே ஒரு சொல்லைக் கத்த, எல்லோரும் தள்ளித் தாவி ஏறினார்கள். மோட்டார் பற்றிக் கொண்டது. அடுத்த அலை உடைவதற்குள் படகு அதன் முதுகின் மேல் ஏறி அப்பால் போய்விட்டது. அந்த இளைஞன் தம் பேரன் என்று முதியவர் சொன்னார். இன்னொரு பேரன் சூரத்தில் தறி ஓட்டுகிறானாம். கஞ்சத்து வாலிபர்கள் இன்று போகிற ரங்கூன் அதுதான். கடலுக்குப் பதில் ரயில், நெல் ஆலைக்குப் பதில் விசைத்தறி.

2013 அக்டோபர் 12-ஆம் தேதி இரவு பைலின் புயல் இந்த ஊரை ஒட்டித்தான் கரையேறியது. அதற்குள் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரை அப்புறப்படுத்திவிட்டதால், 1999-ஆம் வருஷப் புயலில் ஒரிஸ்ஸா கண்ட சாவு மீண்டும் நேரவில்லை. உயிர் பிழைத்தது, படகும் வலையும் போயின, கடன் வாங்கித்தான் மறுபடி வாங்கினோம் என்றார் முதியவர். ஊருக்கு வடக்கே புதிய துறைமுகம் ஒன்று பெரிதாக வளர்ந்து வருகிறதே, அதனால் பழைய நாட்கள் திரும்புமா என்று கேட்டேன். கப்பல்கள் இப்போது நேரே தளத்தில் வந்து அணைவதால் அலையைக் கடத்திவிட எவரும் தேவையில்லை என்றும், ஐஸ் கிடைக்காத நாளில் வியாபாரி கேட்ட விலைக்கே வவ்வால் மீனைக் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது, அதற்கு வழி உண்டானால் போதும் என்றும் சொன்னார். கோபால்பூரைப் புதுப்பிக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் பங்களாக்களுக்கு வெள்ளை அடிப்பதற்கு முன்னால், கரையிலேயே ஓர் ஐஸ் கிடங்கைக் கட்டிக் கொடுக்கட்டும்.