ஒரு கேஸுக்கு நாலு பேரு

சமதா தீர்ப்புன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஆந்திராவுல பட்டியல் பகுதியில இருக்கற அரசு நிலத்தை, தனியார் சுரங்கக் கம்பெனி உட்பட பழங்குடி அல்லாத யாருக்கும் குத்தகைக்கு விடக்கூடாதுன்னு 1997ல உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு தொகுப்புல அதுக்குப் பேரு ஏ.ஐ.ஆர். 1997 எஸ்.சி. 3297. இன்னொண்ணுல (1997) 8 எஸ்.சி.சி. 191. வக்கீல்கள் வாயில வெறும் 'சமதா'. 2023ல கோர்ட்டே ஐ.என்.எஸ்.சி.ன்னு சொந்தமா எண் கொடுக்க ஆரம்பிச்சதுல நாலாவது பேரும் வந்தாச்சு.

இதெல்லாம் எனக்கு எதுக்குன்னா, எங்க சித்தப்பா சேலத்துல வக்கீல். 2006 வன உரிமைச் சட்டத்துல மலைக்காரங்களுக்காகக் கேஸ் நடத்துறவர். வன நிலத் தீர்ப்புகளைப் பத்தி வேர்டுல 400 பக்கம் எழுதி வச்சிருக்கார். லீவுக்கு மாரமங்கலம் வீட்டுக்குப் போனவனை, "கண்ணு, எந்த கேஸ் எந்தப் பக்கம்னு கடைசில ஒரு பட்டியல் போட்டுக் குடுடா, பொட்டி தட்டுறவன்தானே நீ"ன்னு உக்கார வச்சுட்டார். அங்க போயும் ஆணிதான் :-)

ஆல்ட்+ஷிஃப்ட்+எக்ஸ் அடிச்சு ஒவ்வொண்ணா குறிக்கலாம், விரல் தேஞ்சுடும். அதுக்குத்தான் ஆட்டோமார்க். தனி ஃபைல்ல ரெண்டு கட்டம் உள்ள டேபிள்: இடது பக்கம் தேட வேண்டியது, வலது பக்கம் இன்டெக்ஸ்ல வர வேண்டியது. இடது பக்கத்துக்கு சின்ன மேக்ரோ போதும். 'ஏ.ஐ.ஆர்., நாலு இலக்கம், எஸ்.சி., ஒரு எண்'னு வைல்ட்கார்டுல தேடினா வாரிக்கிட்டு வந்துடும். எஸ்.சி.சி.க்கு மட்டும் அடைப்புக்குறிக்கு முன்னாடி பின்சாய்கோடு போடணும், இல்லேன்னா வேர்டு அதை வேற மாதிரி எடுத்துக்கும்.

வலது பக்கத்தை எந்த மேக்ரோவும் நிரப்பாது. நாலு பேரும் ஒரே கேஸுன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? அப்படியே விட்டா சமதா நாலு இடத்துல சிதறிடும். "ஜட்ஜ் கேக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் காட்டினா, மத்த பக்கம் எழுதாத மாதிரிதாண்டா"ன்னார் சித்தப்பா. ராத்திரி நான் எண்ணை வாசிக்க, அவர் பேரைச் சொல்லச் சொல்ல அடிச்சேன். புத்தகத்தைத் திறக்கவே இல்லை மனுஷன். 83 எண், 51 கேஸா சுருங்குச்சு.

மிச்சம் இருந்தது 'மேற்படி தீர்ப்பு'ன்னு எழுதின 37 இடம். அதுல ரெண்டு எந்தத் தீர்ப்புன்னு எழுதினவருக்கே சந்தேகம். அந்தப் பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கிட்டு சேலம் பஸ் ஏறிட்டார்.