தண்ணீர் பிடிக்க வந்தவர்

பரணை ஒழித்தபோது பழைய ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து என் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டை விழுந்தது. மடிப்பில் கிழிந்து இரண்டு துண்டாகும் நிலை. 2003இல் பதிந்தது. 2006இல் புதுப்பித்த முத்திரை ஒன்று. அதற்குக் கீழே எல்லாம் வெறுமை.

பதியப் போன அன்று தர்மபுரியில் வரிசை வேப்பமரம் வரை நீண்டிருந்தது. அப்பா கூடவே நின்றார். "சீனியாரிட்டி ஏறட்டும்டா, ஒருநாள் கார்டு வரும்." எங்கள் தெருவில் அப்படி இன்டர்வியூ கார்டு வந்தவர் ஒரே ஒருவர், வந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. பி.எஸ்சி. வேதியியல் முடித்திருந்த எனக்குத் தெரிந்த வேலைகளே நான்குதான்: வாத்தியார், போலீஸ், பேங்க், தாலுகா ஆபீஸ். தமிழக அரசின் பெரும்பாலான பணிகளுக்குப் புதிதாக ஆள் எடுக்க 2001 முதலே தடை. நான் பட்டம் வாங்கிய 2003 ஜூலையில், வேலைநிறுத்தம் செய்த ஊழியர்கள் சுமார் 1,70,000 பேரை ஒரே உத்தரவில் நீக்கினார்கள். அப்போதும் அப்பா நம்பிக்கையை விடவில்லை. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு வேறு வழி சொல்ல யார் இருந்தார்கள்?

அரசின் குரூப் 4 தேர்வுக்கு உதவும் என்று டைப்ரைட்டிங் சேர்ந்தேன். யளனகபக, யளனகபக. சுண்டுவிரலுக்கு 'ய' மட்டும் கடைசி வரை அழுத்தமாக விழவில்லை. அங்கே தட்டிக்கொண்டிருந்த பாதிப்பேர் பட்டதாரிகள். யாராவது சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். எனக்கும் உண்டு. எங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அந்தக் கறைக்கும் என் படிப்புக்கும் சம்பந்தம் உண்டென்று எனக்கு உறைக்கவே இல்லை.

முத்திரை வாங்கிய அதே கோடையில் தெருக் கைப்பம்புக்கு ஒருவர் வந்தார். கொஞ்ச நேரம் அடித்துத் தண்ணீரை ஓடவிட்டார். கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிக் கொட்டினார். பிறகுதான் பிடித்தார். மூடி, சீட்டு ஒட்டி, நேரம் எழுதினார்.

"இதுக்கு என்ன படிக்கணும்ணே?"

"பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி போதும் தம்பி."

மூன்று வருடம் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு, ஒயின் சிவப்பு நீலமாகும் அந்த ஒரு துளிக்காகக் காத்திருந்தவன் நான். தண்ணீரின் கடினத்தன்மை. ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். இதைச் செய்து சம்பளம் வாங்கிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று வகுப்பில் ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது.

மறு வருடம் ஓசூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது என்று எழுதும் கை இப்போது என்னுடையது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி, காவிரித் தண்ணீர் எங்கள் ஊர்க் குழாய்க்கும் வந்தது. என் மகள் பல் வெள்ளையாக இருக்கிறது.

மாணவர்களுக்கு வேலைக்கு வழிகாட்ட 2022 முதல் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது. நல்லது, அவசியமானது. ஆனாலும் என்னைத் திருப்பியது கைப்பம்படியில் கேட்ட ஒரு கேள்வி, கிடைத்த ஒரு பதில்.

அட்டையை ஒட்டி, சான்றிதழ்களோடு வைத்துவிட்டேன். அப்பா வரிசையில் நின்று வாங்கித் தந்தது. உங்கள் தெருவில் டிகிரி படிக்கிற பிள்ளை இருந்தால், ஒருநாள் உங்கள் வேலையிடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.