வால்வின் மேல் வழக்கு

மனிதனுக்கு உடம்பு சரியில்லை என்றால் சுற்றி நிற்கும் நாலு பேரும் வைத்தியர்களாகிவிடுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். எஞ்சினுக்கு உடம்பு சரியில்லை என்றால் நாலு பேரும் மெக்கானிக்குகளாகிவிடுவது கோயமுத்தூர்ச் சீமைக்கே உரிய சிறப்பு. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு பிறந்த சீமை இது. 1937-இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின் மோட்டாரையே உள்ளூரில் செய்து காட்டினார்கள். பஞ்சாலைக்கு உதிரி சாமான் கடைந்து பழகிய கைகள் கிணற்றுக்குப் பம்பும் எஞ்சினும் செய்வதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை. கொங்கு நாட்டில் மழை குறைவு, கிணறு ஆழம். ஒரு காலத்தில் கவலை மாடுகள் பின்னும் முன்னும் நடந்து இறைத்த தண்ணீரை எஞ்சின் இறைக்க ஆரம்பித்தது. மாட்டுக்கு வைத்தியம் தெரிந்த குடியானவர், எஞ்சினுக்கும் வைத்தியம் பார்க்கப் புறப்பட்டுவிட்டார்.

நிற்க. என் மைத்துனரின் தோட்டம் சூலூருக்குக் கிழக்கே இருக்கிறது. இரண்டு ஏக்கர் சின்ன வெங்காயம். மின் இணைப்புக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர் அவர். ஆகையால் தண்ணீருக்கு ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினே கதி. வெங்காயம் காய் பிடிக்கிற சமயம் பார்த்து, குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, எஞ்சின் கொதித்து, ஹெட் வளைந்துவிட்டது. நகரத்துப் பட்டறை ஒன்றில் ஹெட்டின் அடிமுகத்தைச் சீவி, வால்வு சீட்டுகளையும் புதிதாக வெட்டி வாங்கி வந்தார். மாட்டியதும் எஞ்சின் ஓடத்தான் செய்தது. ஆனால் அரை மணி நேரத்தில் இழுவை குறைந்து, புகைக் குழாயில் 'பொட் பொட்' என்று வெடித்து, நின்றுவிட்டது. ஆறினால் மறுபடி ஓடும், சூடானால் நின்றுவிடும்.

கூடியிருந்தவர்கள் தீர்ப்பு வழங்கினார்கள். ஒருவர் ரிங் போய்விட்டது என்றார். இன்னொருவர் நாசிலைக் குற்றம் சாட்டினார். மூன்றாமவர், எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடும்படி யோசனை சொன்னார். என் மைத்துனருக்கோ எதிரி யார் என்பதில் சந்தேகமே இல்லை. பட்டறைக்காரன்தான்!

மறுநாள் கணபதியிலிருந்து ஒரு வயோதிக மேஸ்திரியை அழைத்து வந்தோம். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கேள்விதான் கேட்டார்.

"ஏனுங்க, டேப்பட் பாத்தீங்களா?"

"பாத்துத்தானுங்க மாட்டினேன்."

"மாட்டறப்பப் பாத்தீங்க. சரீங்க. ஓட்டிச் சூடான பொறவு ஹெட் நட்டை மறுக்கா இறுக்கியிருப்பீங்களே, அதுக்கப்பறம்?"

மைத்துனர் பதில் சொல்லவில்லை.

மேஸ்திரி எனக்கு விளக்கினார். ஹெட்டைச் சீவினால், சீவிய அளவுக்கு ராக்கர் கீழே இறங்குகிறது. கீழிருந்து தள்ளுகிற புஷ் ராடு அதே நீளந்தான். ஆகவே இடைவெளி குறைகிறது. சீட்டை வெட்டினால் வால்வு ஹெட்டுக்குள் ஆழமாய்ப் போய், அதன் தண்டு மேலே அதிகம் நீட்டிக்கொள்கிறது. அதனாலும் இடைவெளி குறைகிறது. புதிய கேஸ்கட் சூட்டில் அமுங்கி, நட்டை மறுபடி இறுக்கினால் இன்னும் கொஞ்சம் போய்விடுகிறது. மிச்சம் ஏதாவது இருந்தால், வால்வு சூட்டில் நீண்டு அதையும் விழுங்கிவிடும். பிறகு வால்வு முழுக்க மூடுவதேது? அமுக்கம் ஒழுகுகிறது, டீசல் பற்றுவதில்லை. அப்படியே விட்டால் வெளிப்போக்கு வால்வின் விளிம்பு கருகிவிடும்.

ஃபீலர் தகடு செருகி இடைவெளியைச் சரி செய்தார். எஞ்சின் அரை மணியைத் தாண்டி ஓடியது. எங்கள் முகமெல்லாம் மலர்ந்தது. அவர் முகம் மட்டும் மலரவில்லை. நிறுத்தச் சொல்லி, சக்கரத்தைக் கையால் மெள்ளச் சுற்றி, புகைக் குழாயில் காதை வைத்தார். 'புஸ்' என்று ஒரு மூச்சு.

"பாதி வழக்குத்தானுங்க முடிஞ்சிருக்குது" என்றார்.

ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்து, புகை போகிற துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினார். வால்வு ஒழுங்காய் உட்கார்ந்திருந்தால் ஒரு சொட்டுக்கூட இறங்கக் கூடாது. இங்கே ஓரமாய்க் கசிந்தது. வால்வின் முகத்தில் நீலமை தடவி வைத்து எடுத்தபோது, சீட்டில் பாதி வட்டத்துக்குத்தான் மை ஒட்டியிருந்தது. தண்டை அசைத்தார். கைடுக்குள் அது ஆடியது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான்! சீட்டு வெட்டும் கருவி கைடைப் பிடித்துக்கொண்டுதான் சுழல்கிறது. தேய்ந்த கைடில் நின்று வெட்டினால் சீட்டு கோணலாகத்தான் வரும். முதலில் கைடு, அப்புறம் சீட்டு. அந்த வரிசை மாறிவிட்டது.

"பாருங்க, பட்டறைக்காரன் மேலதான் தப்பு!" என்று மைத்துனர் துள்ளினார். அன்றைக்கே போய்ச் சண்டை போட்டுவிடும் உத்தேசம் அவருக்கு.

மேஸ்திரி நிதானமாய்ச் சொன்னார்: "சீட்டு வெட்டச் சொன்னீங்க, வெட்டினான். கைடைப் பாருன்னு நீங்களும் சொல்லலீங்க. ஆனாலும் அவனாப் பாத்திருக்கோணும். நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள வேணும்னு நின்னிருப்பீங்க. கருவி வாங்கி வெச்சவனுக்கு அவசரத்தை மறுக்கத் தெரியோணுமுங்க."

ஹெட்டை அவரே எடுத்துப் போய், தமக்குத் தெரிந்த லேத்துப் பட்டறையில் பக்கத்திலேயே உட்கார்ந்து புதுக் கைடு போட்டு, சீட்டை மறுபடி வெட்டி, பேஸ்ட் வைத்துத் தேய்த்துக் கொண்டுவந்தார். தேய்த்த மாவு துளியும் தங்காமல் கழுவியிருந்தார். வால்வு ஹெட்டின் முகத்துக்கு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று சட்டம் வைத்து அளந்தார். அதிகம் உள்ளே போனால் அமுக்கம் குறையும். வெளியே வந்தாலோ பிஸ்டன் இடிக்கும். வால்வு இறங்கியதால் தளர்ந்த ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் கொடுத்தார். ஹெட் சீவியதால் நாசில் முனை கீழே நீட்டும் என்று செப்பு வாஷரையும் கனமாக மாற்றினார். மாட்டி, ஓட்டி, ஆறவிட்டு, நட்டை இறுக்கி, கடைசியில்தான் டேப்பட் வைத்தார்.

இதற்குள் மூன்று நாள் போய்விட்டது. மேட்டுப் பாத்திகளில் வெங்காயத் தாள் பழுத்துச் சாய்ந்துவிட்டது. அது போனது போனதுதான். மற்றப் பாத்திகளுக்குத் தண்ணீர் ஓடியபோது மைத்துனர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரன் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவில்லை. மேஸ்திரியிடம் கூலி எவ்வளவு என்று கேட்டார். மேஸ்திரி தொகையைச் சொல்லிவிட்டு, "இருபது மணி நேரம் ஓடட்டுமுங்க. மறுக்கா வந்து டேப்பட் பாக்கறேன். அதுக்குக் காசு வேண்டாமுங்க" என்றார்.

சொன்னபடியே வந்து பார்த்துவிட்டும் போனார்.