மேலே போகாத காகிதம்

உளவு என்றாலே எல்லோருக்கும் ஜேம்ஸ் பாண்ட்தான் நினைவுக்கு வருவார். கல்லூரி என்.சி.சி.யில் பதிவேடு எழுதுகிற எனக்கோ காகிதங்கள் மீதுதான் ஆர்வம். ராணுவ உளவுப் பிரிவின் அலுவலக வேலையில் பெரும்பகுதி அதுதானே! வரும் தகவலுக்கு எண்ணும் தேதியும் போட்டுப் பதிய வேண்டும், தரம் பிரிக்க வேண்டும், உரியவருக்கு அனுப்ப வேண்டும். நேட்டோ முறையில் தகவல் தந்தவரின் நம்பகத்தன்மைக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்து. தகவலுக்குத் தனியாக 1 முதல் 6 வரை எண். நம்பகமானவரும் தவறான தகவல் தரலாம் அல்லவா?

சரி, அனுப்புகிற வேலை நடக்காவிட்டால்? 1973 அக்டோபர் 1. இஸ்ரேலின் தென்மண்டல உளவுப் பிரிவில் இருந்த லெப்டினன்ட் சிமான் தோவ் ஓர் அறிக்கை எழுதினார். சூயஸ் பக்கம் எகிப்து நடத்தும் ராணுவப் பயிற்சி போருக்கான திரையாக இருக்கலாம் என்றார். 3-ம் தேதி இன்னொரு அறிக்கை. மேலதிகாரிக்கு உடன்பாடில்லை, தலைமையகத்துக்கு அனுப்பவில்லை. 6-ம் தேதி எகிப்தும் சிரியாவும் தாக்கின. பிறகு அக்ரநாட் விசாரணைக் குழுவில்தான் இது பேசப்பட்டது.

அந்தக் காகிதம் போரைத் தடுத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். மற்ற அறிகுறிகளையும் மேலிடம் சரியாக எடைபோடவில்லை. போருக்குப் பின், பொதுக்கருத்தை எதிர்த்து வாதிடவே உளவுத்துறையில் ஒரு தனிப்பிரிவு அமைத்தார்கள்.

என் கருத்து இதுதான்: உடன்பாடில்லை என்றால் மறுப்பை ஓரத்தில் எழுதுங்கள். காகிதத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். முடிவெடுப்பவர் இரண்டையும் படிக்கட்டும்.